ரோகிணி நட்சத்திரத்துப் பங்குக்காரி

வரதராசாவுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது என்று சொன்னால் பாரிஸ் லா ஷப்பலில் ஒரு குஞ்சும் நம்பாது. இருபத்தாறு வருசமாக அந்த வீட்டுக் காகிதம் அத்தனையும் அவர் கையால்தான் போகிறது. பிரெபெக்த்தூரில் கொடுக்கிற விசாக் காகிதம், வரிக் காகிதம், பிள்ளைகளின் படிப்புக் காகிதம், பொண்டியில் இருக்கிற மச்சாள் அஜந்தா வீட்டுக் காகிதம்கூட. அவர் நிரப்பி முடித்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். மற்றவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் வைத்துக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மனிசன்தான் போன வருசம் ஒரு பியர்க் கொம்பனியின் பங்குப் படிவத்தைக் கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்!

கொம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ரூ பஜோல் தெருவுக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தின் ஓரமாக, பழைய சாமான் கொட்டகை ஒன்றில் தியரி என்ற பிரெஞ்சுக்காரன் நாலு தொட்டிகளை வைத்துப் பியர் காய்ச்சுகிறான். கடைக்குப் பெயர் 'கே துறுவா', மூன்றாம் மேடை. வரதராசா கார் து நோர் ரயில் நிலையப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சமையற்காரர். மத்தியானச் சமையல் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு நடக்கும்போது அங்கே நுழைந்து ஒரு கிளாஸ் குடிப்பார். ஒன்றே ஒன்று. அதற்கு மேல் குடித்தார் என்று அவருக்கு ஆகாதவர்கள்கூடச் சொல்ல முடியாது. குடித்துவிட்டு இரண்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். மனைவி நாகேஸ்வரி பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவள், சதுர்த்தி தவறாமல் விரதம் பிடிக்கிறவள். அவளுக்கு இந்த விசயம் தெரியவே தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

வெறும் குடிக்கிறவராக மட்டும் இருந்திருந்தால் கதை இவ்வளவு தூரம் வந்திராது. இரண்டு வருசத்துக்கு முன் தியரி ஒரு கோதுமைப் பியர் காய்ச்சினான். அதில் கொத்தமல்லி போடுவது அவர்கள் வழக்கம். குடித்துப் பார்த்த வரதராசா முகத்தைச் சுளித்தார்.

"கொத்தமல்லியைப் பச்சையாய் இடிச்சுப் போட்டனியோ? உனக்கென்ன விசரே?" என்று தன் பிரெஞ்சில் கேட்டார். தியரிக்குக் கோபம் வரவில்லை. வேறு எப்படிப் போடுவது என்றுதான் கேட்டான்.

அடுத்த திங்கட்கிழமை, தன் ஓய்வு நாளில், வரதராசா வீட்டிலிருந்து இரும்புத் தாச்சி ஒன்றைக் கொண்டுபோய், எண்ணெய் விடாமல், இளஞ்சூட்டில் கொத்தமல்லியை வறுத்துக் கொடுத்தார். அந்தப் பியர் ஒரு கிழமையில் தீர்ந்தது. அன்றிலிருந்து ஒரு திங்கட்கிழமை விட்டு ஒரு திங்கட்கிழமை அவர் போய் வறுக்கிறார். தியரி அதற்குப் 'பதினெட்டு' என்று பெயர் வைத்தான், பதினெட்டாம் வட்டாரத்தின் நினைவாக. பாரிஸில் இருபத்தாறு வருசம் அவர் சமைத்ததெல்லாம் யாரோ எழுதிய மெனுவில் யாரோ சொன்ன உப்பு. இங்கே மட்டும் "வரதா சொன்னால் சரி" என்று ஒருவன் அடுப்பை விட்டு விலகி நிற்கிறான். அந்தக் கொட்டகை அவருக்கு எவ்வளவு பெரியது என்று இனி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன வருசம் தியரிக்குப் புதுத் தொட்டி வாங்கக் காசு போதவில்லை. வங்கிக்குப் போகாமல், குடிக்க வருகிறவர்களிடமே பங்கு வாங்கச் சொன்னான். விதி ஒன்றுதான்: எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. எமில் என்று ஒரு வாடிக்கைக்காரன் இருக்கிறான். எந்தப் பியரைக் குடித்தாலும் சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து மணம் இப்படி, நுரை அப்படி என்று எழுதிக்கொண்டிருக்கிற பேர்வழி. அவன் தன் பெயரில் இருபது பங்கு வாங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

வரதராசாவிடம் இருந்த காசுக்கு ஆறு பங்கு வந்தது. ஆறையும் ஒரே படிவத்தில் எழுதச் சொன்னான் தியரி. அவர் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குக் காசு போடும்போது ஒருவர் பெயரில் மட்டும் போடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. கோயிலில் ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டால் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் சொல்லி முடித்துத்தான் மூச்சு விடுவார். ஆகவே ஆறு படிவம் வாங்கினார். முதல் படிவம் நாகேஸ்வரிக்கு. பிறகு மச்சாள் அஜந்தா, அவள் புருசன் றொபின்சன், மகன் கீர்த்தனன், மகள் துஷாந்தி. கடைசியாகத் தனக்கு.

படிவத்தின் அடியில் 'வேறு குறிப்பு' என்று ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. பெட்டியை வெறுமையாக விட்டால் காகிதம் திரும்பி வரும் என்பதை இந்த நாட்டுக் கந்தோர்களில் நின்று நின்று படித்தவர் வரதராசா. என்ன எழுதுவது? ஒவ்வொருவருக்கும் நட்சத்திரத்தை எழுதினார். றொபின்சன் வேதக்காரன், மன்னார்ப் பக்கம், அவனுக்கு நட்சத்திரம் இல்லை. 'அந்தோனியார்' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடியபோது வழக்கம்போலப் பென்சில் குறி போட்டு நீட்டினார். வழக்கம்போல ஒருவரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்கள். கடைசி நாளன்று கடைசி ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எமில் அதைப் பார்த்துவிட்டு, பியரை வாயிலும் வைக்காதவர்களுக்குப் பியர்ப் பங்கா என்று மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

சிரித்தவன் இந்த வருசம் மே மாதம் வியர்த்து விறுவிறுத்து உணவக வாசலுக்கே ஓடி வந்தான். வடக்கே ஒரு பெரிய கொம்பனி 'கே துறுவா'வை வாங்கக் கேட்டிருக்கிறதாம். போட்ட காசுக்கு மூன்று மடங்கு தருவார்களாம். கொட்டகையை மூடிவிட்டுப் பியரைத் தங்கள் தொழிற்சாலையில் காய்ச்சுவார்களாம். ஜூன் முதல் சனிக்கிழமை பங்குக்காரர் கூட்டம். நேரில் வந்தவர்களுக்குத்தான் வாக்கு.

"பாதிப் பேர் காசைக் கண்டு சரிந்துவிட்டார்கள், வரதா. நான் தலை தலையாக எண்ணிப் பார்த்தேன். என் இருபது பங்குக்கும் ஒரே வாக்கு. உன் ஆறுக்கும் ஆறு வாக்கு! உன் வீட்டார் வந்தால்தான் தப்பலாம். வருவார்கள்தானே?"

வரதராசா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். வீட்டாருக்குத் தாங்கள் பங்குக்காரர் என்பதே தெரியாதே!

எப்படிச் சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் நாலு கடிதம் வரிசையாகக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் நாகேஸ்வரி நிற்கிறாள்.

"இஞ்சேருங்கோ. நான் ஆர்?"

"நீர்... நாகேஸ்வரி."

"இல்லை. நான் பியர்க் கொம்பனி முதலாளி. துஷாந்தி வாசிச்சுக் காட்டினவள்."

வரதராசா கதிரையைத் தேடி இருந்தார்.

"பிள்ளையாருக்கு மாலை கட்டுற கையாலை சாராயக் கடைக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறியள், என்ன?"

"சாராயம் இல்லையப்பா, பியர்..."

"வாயை மூடுங்கோ! நாலு மணிக்கு ஏலக்காய் சப்பிக்கொண்டு வாற மனிசனை இந்த உலகத்திலை எங்கையும் கண்டிருக்கிறியளோ? நான் ஒண்டும் தெரியாதவள் எண்டு நினைச்சியளோ?"

கீர்த்தனன் அறைக்குள்ளிருந்து சிரிப்பது கேட்டது. அகப்பட்டாயிற்று, இனி மறைத்து ஆவதென்ன என்று வரதராசா எல்லாவற்றையும் சொன்னார். கொத்தமல்லி வறுப்பதைச் சொன்னார், தியரி விலகி நிற்பதைச் சொன்னார், அந்த இடம் போனால் தனக்கு இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்பதையும் சொன்னார். தாச்சியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தாச்சி காணாமல் போன நாளிலிருந்து, அதைப் பொண்டிக்குக் கொண்டுபோனவள் அஜந்தாதான் என்று நாகேஸ்வரி தங்கச்சியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நல்லநாள் பெருநாள் என்றும் பார்ப்பதில்லை. வரதராசாவும் கேட்டும் கேளாதவர்போல இருந்துவிட்டார். வெட்கக்கேடு!

நாகேஸ்வரி எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, "மூண்டு மடங்கு குடுப்பாங்களோ?" என்றாள்.

"ஓம். ஆனா..."

"அப்ப வாறன். வந்து வில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, வாற காசைத் தேருக்குக் குடுக்கிறன். அப்பதான் இந்தப் பாவம் கழியும். அஜந்தாவும் நான் சொல்லுறதைத்தான் சொல்லுவாள். அவள் சொல்லுறதைத்தான் றொபின்சன் சொல்லும்."

அதற்குப் பிறகு வரதராசாவுக்கு நித்திரை ஏது? கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தார். அவர்கள் வராமல் விட்டாலும் தோல்வி, வந்தாலும் தோல்வி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு 'கே துறுவா' நிறைந்து வழிந்தது. நாகேஸ்வரி கோயில் திருவிழாவுக்கு உடுக்கிற அரக்குப் பட்டுச் சேலையில் வந்திருந்தாள். முதலாளி என்று கடிதம் போட்டவன் முதலாளியைப் பார்க்கட்டும் என்பது அவள் வாதம். கொட்டகைக்குள் இருந்தவர்கள் தன்னால் எழும்பி வழிவிட்டார்கள். அஜந்தாவும் றொபின்சனும் பொண்டியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். கதிரையில் இருக்கப் போன றொபின்சன் மூன்றாம் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அண்ணை, அந்தத் தாச்சியிலை கிடக்கிறது நான் கட்டின கம்பியெல்லே?"

ஐயோ! எல்லாவற்றையும் நினைத்த மனிசன் தாச்சியை ஒளிக்க மறந்துபோனார். ஒரு காது உடைந்து, றொபின்சன் கம்பி சுற்றிக் கொடுத்த அதே தாச்சி ஆணியில் தொங்கியது. கீழே தியரியின் எழுத்தில் ஓர் அட்டை: 'தொடாதீர்கள். இது வரதாவுடையது.'

நாகேஸ்வரி தாச்சியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அஜந்தா தமக்கையைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாய் என்னைக் கள்ளி எண்டியள், அக்கா."

நாகேஸ்வரி வாய் திறக்குமுன் மணி அடித்தது. கூட்டத்துக்குத் தலைவியான மரி-கிளேர், இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியை, எல்லாரையும் இருக்கச் சொன்னார். பெரிய கொம்பனியிலிருந்து வந்தவன் எழும்பினான். மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். படம் போட்டுக் காட்டிப் பேசினான். துஷாந்தி தாயின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கொத்தமல்லி வறுக்கிறது கன நேரம் எடுக்குமாம், அம்மா. அதை நிப்பாட்டிப்போட்டு, போத்திலிலை வாற எசன்ஸ் ஊத்துவினமாம். ருசி ஒண்டுதானாம்."

"ஆர் சொன்னது ஒண்டெண்டு?" நாகேஸ்வரி கேட்டது கொட்டகை முழுக்கக் கேட்டது. அவன் சிரித்தபடி அடுத்த படத்துக்குப் போனான்.

பிறகு வாக்கு. மரி-கிளேர் பதிவேட்டில் உள்ள வரிசைப்படி பெயரைக் கூப்பிட, கூப்பிட்டவர் எழும்பி, விற்கலாம் என்றால் 'பூர்', விற்கக் கூடாது என்றால் 'கோந்த்ர்' என்று சொல்ல வேண்டும். எமில் பியர் விலை எழுதுகிற கரும்பலகையில் சோக்கட்டியால் கோடு போட்டான். பூர், கோந்த்ர், பூர், பூர். ஒரு மணித்தியாலம் போனது. வரதராசா குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் விற்கச் சொன்னவர்கள் அறுபத்தொன்று, வேண்டாம் என்றவர்கள் ஐம்பத்தெட்டு என்று நின்றபோது, பதிவேட்டின் கடைசிப் பக்கம் திரும்பியது. கடைசி நாளில் கடைசியாகக் கொடுத்த ஆறு படிவம்.

மரி-கிளேர் எதையும் அரைகுறையாக வாசிக்கிற பெண் அல்ல. பதிவேட்டில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரத்து வாசித்தார்.

"மதாம் நாகேஸ்வறி, றோகினி."

கொட்டகையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாகேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துக் கேட்டதும் கை இரண்டும் தானாகக் குவிந்தன. எழும்பி நின்றாள். அர்ச்சனை சொல்லும்போது குடும்பத் தலைவன் என்று முதலில் தன் பெயரைத்தான் சொல்லுவார் இந்த மனிசன். இங்கே முதல் பெயர் அவளுடையது. அதுவும் அவளுக்குத் தெரியாமல், அவளை மகிழ்விக்க வேண்டும் என்று இல்லாமல், தனக்குப் பிடித்த ஒன்றில் முதல் ஆளாக எழுதியிருக்கிறார். அவள் திரும்பி வரதராசாவைப் பார்த்தாள். அவர் இன்னும் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம்?" என்றார் மரி-கிளேர்.

நாகேஸ்வரி கொம்பனிக்காரன் பக்கம் திரும்பினாள். தமிழில்தான் சொன்னாள்.

"என்ர தாச்சியை விலை பேச நீ ஆர்? வறுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் விக்கேலாது!"

துஷாந்தி துள்ளி எழும்பி, "கோந்த்ர்!" என்று மொழிபெயர்த்தாள்.

எமில் கோடு போட்டான். வரதராசா தலையை நிமிர்த்தினார். காதில் விழுந்தது நிசமா?

"மதாம் அஜந்தா, பூசாம்."

அஜந்தா எழும்பினாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அஜந்தா 'பூர்' என்றால் றொபின்சனும் 'பூர்'தான். அந்த இரண்டும் அங்கே போனால், மிச்சம் எல்லாம் இங்கே விழுந்தாலும் ஒரு வாக்கால் தோல்வி.

"சொல்லன், அஜந்தா," என்றாள் நாகேஸ்வரி.

"முதல்ல நீங்கள் சொல்லுங்கோ, அக்கா. தாச்சியை எடுத்தது ஆர்?"

"இஞ்சை வைச்சோ கேக்கிறாய்?"

"நீங்கள் மட்டும் என்னைத் தனிய வைச்சோ சொன்னனீங்கள்? கலியாண வீட்டிலையும் சொன்னியள், கோயில் மடத்திலையும் சொன்னியள்."

நூற்றுக்கு மேற்பட்ட பிரெஞ்சுக்காரர் ஒன்றும் விளங்காமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். மரி-கிளேரின் பேனை அந்தரத்தில் நின்றது. நாகேஸ்வரி தன் வாழ்நாளில் யாரிடமும் பிழை என்று ஒப்புக்கொண்டதில்லை. அது வரதராசாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். இனி எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார். பொறுக்க முடியாமல், கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அஜந்தா, எடுத்தது நான். உம்மட அக்கா உம்மைப் பேசேக்கை வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததும் நான்தான். என்னிலைதான் பிழை."

"நீங்கள் சொன்னது காணாது, அத்தான். அக்கா சொல்லட்டும்."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். தொண்டையைச் செருமினாள்.

"நீ எடுக்கேல்லை. நான்தான் விசாரியாமல் பேசினனான். பிழை என்னிலை. காணுமே?"

அஜந்தாவின் கண் நிறைந்துவிட்டது. கையை விரித்து, கொட்டகை அதிர, "கோந்த்ர்!" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நிறுத்த யாராலும் முடியாது. "மிசியூ றொபின்சன், அந்தோனியார்!" கோந்த்ர். பலகையில் இரண்டு பக்கமும் சமன். கூட்டம் கதிரையை விட்டு எழும்பிவிட்டது. "மிசியூ கீர்த்தனன், சித்திரை!" கோந்த்ர். "மத்மசேல் துஷாந்தி, சதயாம்!" ஏற்கெனவே தாய்க்காக ஒரு தடவை கத்தினவள், இந்த முறை தனக்காகக் கத்தினாள். இப்போது கூட்டமே நட்சத்திரத்தைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டது. "மிசியூ வரதராசா, கேட்டை!" என்றதும் "கேட்டை! கேட்டை!" என்று மேசையில் தட்டினார்கள். வரதராசா சொன்னது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. வாய் அசைந்தது. மரி-கிளேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

அறுபத்துநாலு, அறுபத்தொன்று. வென்றாயிற்று!

தியரி நிலத்தில் குந்தி இருந்து அழுதான். கொம்பனிக்காரன் படப்பெட்டியை மடித்துக்கொண்டு போனான். எமில் ஓடிவந்து நாகேஸ்வரியின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கப் போக, அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என் இருபதைவிட உன் ஆறு பெரிது, வரதா, பெரிது!" என்று அவன் சொல்லிச் சொல்லி வரதராசாவைக் கட்டிப்பிடித்தான். வரதராசாவை யாரோ தூக்கினார்கள். ஐம்பத்துநாலு வயதில், அடுப்படிச் சப்பாத்தோடு, பாரிஸ்காரரின் தோளில் ஏறி இருந்தார் மனிசன். மேலேயிருந்து பார்த்தால் அஜந்தாவும் நாகேஸ்வரியும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து நிற்பது தெரிந்தது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருபத்தாறு வருசத்தில் இப்படி ஒரு நாள் வரவில்லை, இனி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தார்.

இறங்கி வந்தபோது தியரி ஒரு கிளாஸ் 'பதினெட்டை' நாகேஸ்வரியிடம் நீட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைத் தொடவில்லை. அடுப்புப் பக்கம் போனாள். அங்கே போத்தலில் இருந்த வறுத்த கொத்தமல்லியில் இரண்டை எடுத்து மணந்தாள், ஒன்றைக் கடித்தாள்.

வரதராசா பக்கத்தில் போய் நின்றார்.

"நாகேஸ்... தாச்சியை வீட்டை கொண்டுபோவமோ?"

"ஏன்? அது இஞ்சை கிடக்கட்டும்." அவள் போத்தலை மூடினாள். "கொத்தமல்லியைக் கருக்கிப் போட்டிருக்கிறியள். இதைத்தான் ரெண்டு வருசமாய்க் குடிச்சுக்கொண்டு திரிஞ்சவையோ?"

"கொஞ்சம்தான்..."

"திங்கட்கிழமை நானும் வாறன். எனக்கு முன்னாலை வறுத்துக் காட்டுங்கோ. உங்களை வேலைக்கு வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு முதலாளி நான் பேந்து சொல்லுறன்."